நான் கீறேன்ல, ஓட்டு

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், நல்ல பிள்ளைகள் என்று கேள்வி. தாத்தாவைப் பற்றி வீட்டில் என்ன சொல்லி வைத்திருக்கிறார்களோ, அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அச்சில் ஏறாது. ஆகவே ஃபோர்மேன் என்றே சொல்லிவிடுகிறேன்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கம் திரும்பும் ஒரு தெருவில் எங்கள் ஒர்க்‌ஷாப் இருந்தது. எழுபதுகளின் தொடக்கம். துறைமுகத்துக் கிரேன், மீன்பிடிப் படகு எஞ்சின், மணலிப் பக்கம் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஆலைகளின் பம்பு, எல்லாம் பழுது பார்க்க எங்களிடம் வரும். முப்பது பேர் வேலை செய்தோம். இருபத்தொன்பது பேர் நகக்கண்ணில் கிரீஸ் இருக்கும். முப்பதாவது ஆளுக்கு மட்டும் காலையில் போட்ட வெள்ளை அரைக்கைச் சட்டை சாயங்காலம் ஐந்து மணிக்கும் வெள்ளையாகவே இருக்கும். சட்டைப் பையில் ஒரு ஸ்டீல் ஸ்கேலைச் செருகியிருப்பார். நான் அங்கே இருந்த காலத்தில் அதை வைத்து அவர் ஒரு இரும்பையும் அளந்து பார்த்ததில்லை. முதுகு சொறிந்துகொண்டதைத்தான் பார்த்திருக்கிறேன்.

எங்களிடம் பேசும்போது எங்கள் பேச்சு. முதலாளி அறைக்குள் கால் வைத்ததும் நாக்கு சலவைக்குப் போய்வந்துவிடும். ‘கீது’ எல்லாம் ‘இருக்கிறது’ ஆகிவிடும், நடுநடுவே இங்கிலீஷ் வேறு. அதையெல்லாம்கூட நான் மன்னித்துவிடுவேன். பிழைக்கத் தெரிந்த மனுஷன் என்று விட்டுவிடலாம். என்னால் சகித்துக்கொள்ள முடியாமல் போனது ஒரே ஒரு வாக்கியம். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது அது அவர் வாயிலிருந்து வரும்.

“நான் கீறேன்ல, ஓட்டு.”

தூக்குகிற வேலையாக இருந்தால், “நான் கீறேன்ல, தூக்கு.” வெட்டுகிற வேலையாக இருந்தால், “நான் கீறேன்ல, வெட்டு.” சொல்லி வாய் மூடுவதற்குள் அவர் அங்கே இருக்கமாட்டார். வாய் தைரியம் சொல்லும்போதே கால்கள் பின்னால் நகர ஆரம்பித்திருக்கும். ஓடமாட்டார். ஓடினால் தெரிந்துவிடுமே. ஏதோ நினைவு வந்தவர் போல, எங்கேயோ ஒரு அவசரம் போல, முகம் எங்கள் பக்கமே இருக்க இரண்டடி, நாலடி, பத்தடி என்று போய்விடுவார். இத்தனை நேர்த்தியாகப் பின்னால் நடக்கிற மனுஷனை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஒருமுறை பெரிய பம்பு உடல் ஒன்றைச் செயின் பிளாக்கில் தூக்க வேண்டியிருந்தது. சங்கிலியில் ஒரு கண்ணி வாய் பிளந்திருந்தது. கிழவர் ஒருவர், அவர்தான் தூக்கு வேலைக்கு மூத்தவர், அதைத் தொட்டுக் காட்டி, “இது பேஜாரு பண்ணும் சார், வேற சங்கிலி கொண்டாரட்டா?” என்று கேட்டார்.

“வருஷக்கணக்கா தூக்கிகினு கீற சங்கிலி. இன்னிக்கு இன்னா புச்சா? நான் கீறேன்ல, தூக்கு.”

பம்பு இடுப்புயரம் வந்தபோது கண்ணி விட்டது. கிழவர் காலை இழுத்துக்கொண்டார், நல்லவேளை. தரை ஒரு சாண் பள்ளம் விழுந்தது. நாங்கள் திரும்பிப் பார்த்தோம். ஃபோர்மேன் ஒர்க்‌ஷாப்பின் அந்தக் கோடியில், தண்ணீர்ப் பானை பக்கத்தில், தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். தம்ளரில் தண்ணீர்கூட எடுத்திருக்கவில்லை. “பாத்து செய்யக் கூடாதாய்யா!” என்று அங்கிருந்தே சத்தம் போட்டார்.

வீட்டிலும் இதே கதைதான் போலிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்மண்டபம் முனையில் சம்சாரத்தோடு வந்துகொண்டிருந்தார். மார்க்கெட் பக்கமிருந்து கயிறு அறுத்துக்கொண்ட மாடு ஒன்று ரோட்டின் நடுவில் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அந்த அம்மா தயங்கினாள். “நான் கீறேன்ல, போம்மே” என்று அவளை முன்னால் விட்டார் இவர். எதிர்ச்சாரி டீக்கடையிலிருந்து நான் என் கண்ணாலேயே பார்த்தேன். அந்த அம்மா மாட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தபோது இவர் புடவைக் கடைப் படியில் ஏறி நின்றிருந்தார். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். பழகிப்போன முகம். அதைப் பார்த்த பிறகு டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

இப்படிப்பட்ட ஆளை என்ன செய்வது? நாங்கள் அவரை உபயோகப்படுத்திக்கொள்ளக் கற்றுக்கொண்டோம். முதலில் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. ஒரு கிரைண்டிங் கல்லில் மெல்லிய கீறல் இருக்கிற மாதிரி யாருக்கோ சந்தேகம். “நைனா எங்க கீறாரு?” என்று ஒருத்தன் ஃபோர்மேனைக் கேட்டான். “பானையாண்ட” என்று இன்னொருத்தன் சொன்னான். “அப்ப வோணாம்.” எல்லோரும் சிரித்தோம். ஆனால் கல்லைக் கழற்றித் தட்டிப் பார்த்தபோது வெடிப்பு நிஜமாகவே இருந்தது.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. மெஷினைப் போடுவதற்கு முன்னால் அவர் கால் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். பக்கத்திலேயே நின்றால் பயமில்லை. பானை வரை போயிருந்தால் ஏதோ சரியில்லை, இன்னொரு தரம் முடுக்கிப் பார்க்க வேண்டும். ஆபீஸ் வாசல் வரை போயிருந்தால் வேலையை நிறுத்திவிட வேண்டும். ஒருநாள் கேட்டுக்கு வெளியே பீடிக் கடை வரை போய்விட்டார். அன்றைக்குக் கேஸ் சிலிண்டரில் கசிவு. அவருக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. தன்னைப் பார்த்து மரியாதையாகத் தலை திருப்புகிறார்கள் என்றுதான் கடைசி வரை நினைத்துக்கொண்டிருந்தார். அந்த மனுஷனுக்குத் தலையில் எட்டாதது காலுக்கு எட்டியது, அந்தக் கால்களை நம்பி நாங்கள் இருபத்தொன்பது குடும்பம் பிழைத்தோம். இதை எழுதும்போதே எனக்குக் கூசுகிறது.

இரும்பில் ஓட்டையைக் குடைந்து பெரிதாக்குகிற எங்கள் பெரிய போரிங் மெஷினில் இரண்டு பேர் இருந்தோம். டூல் மாட்டுவது நான். ஓட்டுவது சூசை. சூசைக்கு வீடு ராயபுரத்தில், சர்ச்சுக்குப் பின்னால். அப்பா கட்டுமரத்தில் போனவர். குடும்பத்தில் கடலுக்குப் போகாமல் இரும்புக்கு வந்த முதல் ஆள் சூசைதான். கை சுத்தம். லீவரை அவன் பிடிக்கிற பக்குவத்தில் மெஷின் பசுமாடு போல் நிற்கும். ஆறு வருஷம் சேர்ந்து வேலை பார்த்தோம். நான் மாட்டியதை அவன் திரும்பச் சோதித்தது கிடையாது.

அந்த வருஷம் முதலாளி வெளிநாட்டிலிருந்து ஒரு போரிங் செட் வரவழைத்தார். அதற்கு முன் எங்களிடம் இருந்ததெல்லாம் ஒரே கம்பியாகக் கடைந்த போரிங் பார்கள். புதிய செட்டில் எல்லாம் துண்டு துண்டாக இருந்தது. இரும்பை வெட்டுகிற முனை ஒரு ஹெட்டில் உட்காரும். அந்த ஹெட்டை மெஷினோடு பிடித்துக்கொள்கிற தண்டுதான் ஷாங்க். மெலிசிலிருந்து தடிமன் வரை நாலு ஷாங்க், எட்டாத ஆழத்துக்கு நடுவில் சேர்த்துக்கொள்ள மூன்று நீட்டுத் துண்டுகள். பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு அட்டவணை ஒட்டியிருந்தார்கள். எந்தத் தடிமன் எவ்வளவு தூரம் வெளியே நீளலாம், எந்த நீளத்துக்கு எவ்வளவு வேகம் என்று எல்லாம் அதில் இருந்தது.

விஷயம் ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஓட்டை எவ்வளவு தடிமனை உள்ளே விடுமோ அவ்வளவு தடிமன், ஆழத்துக்கு எவ்வளவு நீளம் போதுமோ அவ்வளவு குட்டை. ஷாங்கின் தடிமனைப்போல் நாலு மடங்குக்கு மேல் வெளியே நீட்டினால் அது நடுங்க ஆரம்பிக்கும். துண்டுகள் சேருகிற முகத்தைத் துணியால் துடைத்து, விரலால் தடவிப் பார்த்து மாட்ட வேண்டும். நடுவில் ஒரு பொடி இரும்புத் தூள் இருந்தாலும் எல்லாம் கோணலாக உட்காரும். நான் அந்த அட்டவணையை ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டேன். எனக்கு அதில் ஒரு கர்வமே இருந்தது.

நம் ஃபோர்மேன் அதைப் பார்த்தார். எல்லாவற்றிலும் மெலிசான ஷாங்கைக் கையில் எடுத்து உருட்டினார்.

“இது ஒண்ணு போதும்யா. மெலிசு. எல்லா ஓட்டையிலயும் பூந்துடும். எதுக்கு மாத்தி மாத்தி மாட்டிகினு நேரத்த வீணாக்கறீங்க?”

“அட்டவணைல வேற மாதிரி போட்டுக்குது சார்” என்றேன்.

“அத எழுதினவனா இங்க வந்து ஓட்டப்போறான்?”

சொல்லிவிட்டு ஸ்கேலால் முதுகைச் சொறிந்தபடி போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் நான் தடிமன் ஷாங்கை எடுத்து மாட்டுவேன். அவர் வந்து பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. இப்படியே நாலு மாதம் ஓடியது.

பிறகு அந்தக் காலண்டர் விவகாரம் வந்தது. முதலாளி புது வருஷக் காலண்டரில் எங்கள் ஒர்க்‌ஷாப் படத்தைப் போட ஆசைப்பட்டு, ஸ்டூடியோவிலிருந்து ஒரு போட்டோக்காரரை அனுப்பி வைத்தார். அவர் காலை எட்டு மணிக்கே வந்து மூன்று கால் ஸ்டாண்டை நட்டு, கறுப்புத் துணியை உதறிக்கொண்டிருந்தார். பெரிய போரிங் மெஷினைத்தான் எடுக்க வேண்டும் என்று உத்தரவு. ஃபோர்மேன் அன்றைக்குத் தலைக்கு எண்ணெய் வைத்து, வகிடு எடுத்து, பவுடர் போட்டு வந்திருந்தார்.

மெஷின் மேல் துறைமுகத்துக் கிரேனின் இரும்புக் கூடு ஒன்று ஏறியிருந்தது. நாலு அங்குல ஓட்டை, ஏழு அங்குல ஆழம். இரண்டு அங்குலத் தடிமனுள்ள ஷாங்கை மாட்டியிருந்தேன். சரியான ஷாங்க், சரியான நீளம். போட்டோக்காரர் துணிக்குள் தலையை விட்டு எடுத்தார்.

“சார், ஒண்ணும் தெரியலயே. உள்ள பூந்துக்கினு கீது. வெட்டறது வெளில தெரிஞ்சா படம் நல்லா இருக்கும்.”

ஃபோர்மேன் என்னைப் பார்த்தார். “இன்னாய்யா இது, உலக்க மாதிரி மாட்டி வெச்சிக்கீற? கழட்டு. அந்த மெலிசு கீதுல்ல, அத்தப் போட்டு மூணு துண்டையும் சேர்த்துடு. நீட்டா, ஷோக்கா தெரியணும்.”

அந்த மெலிசு ஒரு அங்குலத் தடிமன். மூன்று துண்டும் சேர்ந்தால் பதினாறு அங்குலம் வெளியே நிற்கும். முனையிலோ நாலு அங்குல ஓட்டைக்கான கனமான ஹெட்.

“சார், இது நாலு மடங்கு இல்ல, பதினாறு மடங்கு போவுது. ஒதறும் சார்.”

“ரெண்டு நிமிஷம் ஓடப்போவுது. ஒரு வேலயா முடிக்கப்போறோம்? படம் எடுத்ததும் கழட்டிடு. நான் கீறேன்ல.”

கழற்றினேன். தடிமன் ஷாங்கை மேஜைமேல் வைத்தேன். மெலிசை எடுத்து, மூன்று துண்டின் முகத்தையும் துடைத்து, ஒவ்வொன்றாகச் சேர்த்து முடுக்கினேன். என் வேலையில் ஒரு குறையும் இல்லை. அவ்வளவு ஒழுங்காகச் செய்தேன் அந்தத் தப்பை. கூட்டைப் பின்னால் தள்ளி நிறுத்தி, முனை அதன் வாயை மட்டும் தொட, ஷாங்க் முழுதும் வெளியே தெரிகிற மாதிரி வைத்தோம்.

சூசை லீவர் பக்கம் வந்து நின்றான். நீண்டு நின்ற ஷாங்கைப் பார்த்தான். பிறகு, நாங்கள் எல்லோரும் பார்க்கிற இடத்தைப் பார்த்தான். ஃபோர்மேன் மெஷினை ஒட்டி நின்றிருந்தார். ஒரு கை மெஷின் மேல், ஒரு கை இடுப்பில், முகம் கேமராவுக்கு. அந்தக் கால்கள் அன்றைக்கு ஒரு அங்குலம் நகரவில்லை.

“நைனாவே நிக்கிறாரு மாமு” என்று சூசை சிரித்தான். மெஷினைப் போட்டான்.

மெதுவாகச் சுற்றும்போது ஒன்றும் ஆகவில்லை. லேசான நடுக்கம், அவ்வளவுதான். போட்டோக்காரர் துணிக்குள்ளிருந்து கையை ஆட்டினார். “தூள் பறக்கறது படத்துல விழல சார். இன்னும் கொஞ்சம் ஜல்தியா சுத்தச் சொல்லுங்க.”

“ஸ்பீடு ஏத்துடா” என்றார் ஃபோர்மேன், சிரித்த முகம் கலையாமல்.

தடிமன் ஷாங்கைப் பெட்டியில் வைக்க நான் அலமாரிப் பக்கம் போனேன். இரும்பு அலமாரி, தூணுக்கு அந்தப் பக்கம். வைத்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் மாறியது. முதலில் ஒரு உறுமல். அப்புறம் கிழிகிற மாதிரி ஒரு கூச்சல். ஷாங்க் வில்லாக வளைந்து வெளியே விரிந்து சுழல ஆரம்பித்திருந்தது. யாரோ கத்தினார்கள். கேமரா ஸ்டாண்டைத் தள்ளிவிட்டுக்கொண்டு வெள்ளைச் சட்டை ஒன்று வாசலைப் பார்த்துப் போனது. அன்றைக்கு மட்டும் அவர் முதுகைக் காட்டி ஓடினார். சூசையும் ஓடியிருக்கலாம். அவன் மெஷின்காரன். சத்தம் வந்தால் கை லீவருக்குத்தான் போகும். போனது. அந்த நொடியில் துண்டு முறிந்து, ஹெட்டோடு பறந்து, லீவரைப் பிடித்த கைமேல் விழுந்தது.

வலது கையில் மூன்று விரல் போனது. கட்டை விரலும் சுண்டு விரலும் மிச்சம். ஃபோர்மேன் சட்டையில் ஒரு எண்ணெய்ப் பொட்டுகூட இல்லை.

நாலாம் நாள் முதலாளி விசாரணை வைத்தார். சூசை தானாக மாட்டி ஓட்டினான் என்று எழுதிவிட்டால் அவனுக்கு அங்கே இனி வேலை கிடையாது. இரண்டு விரலுள்ள வலது கைக்கு வெளியே எவன் வேலை கொடுப்பான்? ஃபோர்மேன் சலவை செய்த நாக்கோடு உள்ளே வந்தார். “பையன்கள் அவர்களாகவே மாட்டிவிட்டார்கள் சார். நான் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கவனிக்கவில்லை” என்றார்.

“நீதான்யா கழட்டுன்னு சொன்ன! நீதான்யா ஸ்பீடு ஏத்துன்னு சொன்ன!” என்று முதலாளி முன்னாலேயே கத்தினேன். சங்கிலிக் கிழவர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். பிறகு ஒவ்வொருத்தராக இருபது பேர். ஒரு வாரத்துக்குள் ஃபோர்மேன் தம் ஸ்கேலை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். சூசைக்கு, கை ஆறியதும், டூல் எடுத்துக் கொடுக்கிற ஸ்டோரில் வேலை என்று முடிவாயிற்று.

அவரைப் பற்றி யாரிடம் பேசினாலும் இந்த இடத்தில் முடித்துவிடுவேன். கேட்கிறவர்களுக்கும் திருப்தியாக இருக்கும். எனக்கும் நல்ல பெயர்தான்.

அவர் போன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிகிற நேரம் பார்த்து, சூசை வீட்டுக்குப் போனேன். சூசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், கட்டுப்போட்ட கை மடியில் கிடந்தது. அவன் சம்சாரம் காபி வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஃபோர்மேன் எப்படிப் புளுகினார், நான் எப்படிக் கத்தினேன், கேட்டைத் தாண்டும்போது அவர் மூஞ்சி எப்படி இருந்தது, எல்லாம். இவ்வளவு காலம் அடக்கி வைத்த வசவையெல்லாம் அங்கே கொட்டினேன். பொட்டப்பயல், கோழை, கலீஜ் பிடித்தவன். சூசை கட்டுப்போட்ட கையை மடியில் சரிசெய்து வைத்தான்.

“ஸ்பீடு ஏத்தறப்போ நீ எங்க இருந்தே?” என்றான்.

“பெரிய ஷாங்க பொட்டில வெக்கப் போனேன்.”

“அது மேஜ மேலதான கெடந்துச்சு. அப்பால வெச்சா இன்னா?”

நான் காபித் தம்ளரைக் கையில் எடுத்தேன். குடிக்காமல் வைத்தேன். சூசை கோபமாகக் கேட்கவில்லை. டூல் விஷயமாக ஏதாவது சந்தேகம் கேட்பானே, அதே குரல்.

“அந்தாளு போட்டோவுக்காக நின்னான். எனக்கு அது தோணல. அவன் காலப் பாத்துட்டுதான் மெஷினப் போட்டேன்” என்றான். “உன் காலப் பாத்திருந்தா என் கை தப்பிச்சிருக்கும் மாமு.”